சிங்கப்பூரில் சமையலறையோடு வீடு என்று நம்பி 86,400 ரூபாய் போச்சு

எங்கள் டிராவல்ஸ்காரரிடமிருந்து இன்று காலை வந்த மெசேஜைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். "நோ ஷோ அக்கா, ரீஃபண்ட் வராது." நோ ஷோ என்றால் புக் பண்ணிவிட்டு நாம் போகவில்லை என்று அர்த்தமாம். நாங்கள் போகவில்லையா? ஐந்து பேர், நாலு பெட்டி, ஒரு ஸ்ட்ரோலர், தூக்கக் கலக்கத்தில் அழுகிற இரண்டு வயதுப் பெண். இத்தனையோடும் அந்த வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றோம்.

கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார், வக்கீல் நோட்டீஸ் அனுப்பப் போகிறோம். திருச்சியில் டிக்கெட், விசா, பாஸ்போர்ட் எல்லாம் செய்து தரும் சின்ன டிராவல்ஸ் கடை. இப்போதைக்கு அது போதும். குழந்தைகளோடு வெளிநாட்டு நகரங்களுக்குக் கிளம்புகிறவர்கள் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பள்ளி லீவுக்கு ஒரு வாரம் சிங்கப்பூர். பெரியவனுக்கு ஐந்து வயது, சின்னவளுக்கு இரண்டு. கூட மாமியார். அவர் ஸ்ரீரங்கத்துக்காரர், வெளிச்சாப்பாடு தொடமாட்டார். சின்னவளுக்கோ குழைந்த சாதம் தவிர எதுவும் இறங்காது. அதனால் சமையலறையோடு ஒரு வீடு கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று கேட்டோம். கேட்டது அவ்வளவுதான்.

அந்த ஆள் எங்களுக்குப் புதியவர் இல்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கொழுந்தனாருக்கு நாலைந்து வருஷமாக டிக்கெட் போட்டுத் தந்தவர். எங்கள் விசாவையும் ஒரு குறையும் இல்லாமல் வாங்கிக் கொடுத்தார். கடைக்குப் போன அன்று தன் நாற்காலியை மாமியாருக்கு விட்டுவிட்டு நின்றுகொண்டே பேசினார். போனில் வீடியோ காட்டினார். சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் என்ற இடத்துப் பக்கம் கொண்டோவாம், அதாவது தனியார் அடுக்குமாடி வீடு, பத்தாவது மாடி. அடுப்பு, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஜன்னலில் நின்றால் கீழே நீச்சல்குளம். நான் எதுவும் கேட்கும் முன்பே, "சின்னப் பாப்பாவுக்கு ராத்திரி பால் காய்ச்சணும்ல, ஹோட்டல்ல என்னக்கா பண்ணுவீங்க?" என்றார். அந்த ஒரு கேள்வியில் விழுந்தேன். பிள்ளைப் பாலை யோசிக்கிறவன் ஏமாற்றுவானா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாமியாரும் நானும் அவரைப் பாராட்டிக்கொண்டே வந்தோம். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

கணக்கு இது. ஏழு இரவு, இரவுக்கு 11,000 வீதம் 77,000. பேபி சீட்டோடு பிக்கப் கார் 3,500. இமிகிரேஷன் கார்டு, அதாவது அந்த நாட்டுக்குள் நுழைய நிரப்பும் அரைவல் கார்டு, ஆளுக்கு 500 என்று 2,500. சர்வீஸ் சார்ஜ் 3,400. ஆக 86,400. கடைக் கணக்குக்குப் போடாமல் ஒரு தனி நம்பருக்கு ஜிபே பண்ணச் சொன்னார். பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜிஎஸ்டி, டிசிஎஸ்னு வரி எல்லாம் மேல ஏறும்க்கா, உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று சிரித்தார். லெட்டர்பேடில் பேனாவால் தொகையை எழுதி ஒரு சுழி போட்டுக் கொடுத்தார். எங்கள் 86,400 ரூபாய்க்கு இன்று கையில் இருக்கிற ஆதாரம் அந்தச் சுழியும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும்தான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அந்த இமிகிரேஷன் கார்டை அனுப்பினார். அதில் தங்குமிடம் என்ற இடத்தில் கொண்டோ முகவரி இல்லை, லிட்டில் இந்தியாவில் ஏதோ ஒரு ஹோட்டல் பெயர் இருந்தது. கேட்டேன். கேட்காமல் விடவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். "அது சும்மா ஃபார்மாலிட்டிக்கா, ஹோட்டல்னு போட்டா சீக்கிரம் விட்டுருவாங்க." சரி என்று விட்டேன். அதிகாரியிடம் காட்டும் கார்டில் பொய் என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

காலை ஆறு மணிக்கு முன்பே சாங்கி விமான நிலையம். சிங்கப்பூரில் ஏழு மணிக்குத்தான் வெளிச்சம் வரும், வெளியே நல்ல இருட்டு. பெயர் எழுதிய அட்டையோடு யாராவது நிற்பார்கள் என்று தேடினோம். யாரும் இல்லை. டாக்சி பிடித்து அந்த முகவரிக்குப் போனோம். கட்டடம் இருந்தது, வீடியோவில் பார்த்த அதே நீச்சல்குளமும் இருந்தது. கேட்டில் இருந்த செக்யூரிட்டி பெரியவர் தமிழர். எங்கள் பெட்டிகளைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது.

"டூரிஸ்டாம்மா? இங்க நாள் வாடகைக்கு விடக் கூடாது. மூணு மாசத்துக்குக் குறைஞ்சு விட்டா சட்டப்படி தப்பு. இந்த மாசத்துல நீங்க மூணாவது குடும்பம்."

மூன்றாவது குடும்பம்! அங்கே தனியார் வீடுகளைக் குறைந்தது மூன்று மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம். அரசு கட்டிய எச்டிபி வீடுகள் என்றால் ஆறு மாதம், அதையும் சுற்றுலாப் பயணிக்குக் கொடுக்கவே கூடாது. இது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். வருஷக்கணக்காக சிங்கப்பூருக்கு ஆள் அனுப்புகிற டிராவல்ஸ்காரருக்குத் தெரியாதா? தெரிந்ததால்தானே கார்டில் ஹோட்டல் பெயர் போட்டார்?

போன் அடித்தால் சுவிட்ச் ஆஃப். ஓனர் என்று கொடுத்த நம்பருக்கு வாட்ஸ்அப் ஒற்றை டிக்கோடு நின்றது. பெரியவன் பெட்டி மேல் உட்கார்ந்து "நீச்சல்குளத்துக்கு எப்பம்மா போவோம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். சின்னவளின் பால் பாட்டில் காலி. அந்தப் பெரியவர் தன் ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார், நானே பால்பவுடர் கலக்கினேன். பெட்டிக்குள் ரைஸ் குக்கர், அரைக்கிலோ துவரம்பருப்பு, ரசப்பொடி.

மணி ஒன்பதானது. மாமியார்தான், "முதல்ல பெருமாளைப் பார்ப்போம்" என்றார். ஃபேரர் பார்க் ஸ்டேஷன் பக்கத்திலேயே சீனிவாசப் பெருமாள் கோயில் இருக்கிறது. பெட்டிகளை ஓரமாக வைத்துவிட்டு அங்கே போய் உட்கார்ந்தோம், பிள்ளைகள் தரையிலேயே தூங்கிவிட்டார்கள். அங்கே உட்கார்ந்துதான் போனில் ஹோட்டல் தேடினோம். ஐந்து பேருக்கு ஒரே அறை கிடைக்கவில்லை, இரண்டு அறை எடுக்க வேண்டியதாயிற்று. ஏழு இரவுக்கு ஆன செலவை இங்கே எழுதினால் என் அப்பா படித்துவிடுவார்.

ஊரைப் பற்றி ஒரு குறையும் இல்லை. கார்டன்ஸ் பை தி பே பூங்காவில் ராட்சதச் செயற்கை மரங்களின் கீழே மல்லாந்து படுத்து, ராத்திரி 7.45-க்கு விளக்குக் காட்சி பார்த்தோம், அதற்குக் காசே கிடையாது. மிருகக்காட்சிசாலையில் மூன்று வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை. எம்ஆர்டி மெட்ரோ ரயிலில் 90 சென்டிமீட்டர் உயரம் தாண்டாத பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. எல்லாம் நாங்களே தேடித் தெரிந்துகொண்டது. அந்த இமிகிரேஷன் கார்டு இருக்கிறதே, 2,500 ரூபாய் வாங்கினாரே, அதை சிங்கப்பூர் அரசின் தளத்தில் நாமே இலவசமாகப் போடலாம். அங்கே போன பிறகு கொழுந்தனார் சொல்லித்தான் தெரியும்.

திரும்பி வந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. முதல் வாரம், "ஏழு வேலை நாள்ல வந்துரும்க்கா." அடுத்து அக்கவுண்டன்ட் தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிருந்தார். அடுத்து ஓனர் ஊரில் இல்லை. நேரில் போனால் அவர் நாற்காலி காலி. கடைப் பையன், "டீ வாங்கிட்டு வரட்டுமாக்கா?" என்கிறான். மூன்று தடவை டீ குடித்துவிட்டு வந்திருக்கிறேன். போன வாரம் ஒரு பெரிய மனசு வைத்தார்: "பணமா தர்றது கஷ்டம்க்கா, கொடைக்கானல் பேக்கேஜ்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமா?" கொடைக்கானலுக்கு 86,400 ரூபாயா! வங்கியில், நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம் என்று கையை விரித்துவிட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கேயும் முதல் கேள்வி, பில் இருக்கிறதா என்பதுதான். இத்தனைக்கும் பிறகு இன்று காலை, நோ ஷோவாம்.

நல்ல வேளை, கேட் முன்னால் பெட்டிகளோடு நின்ற பெரியவனை என் வீட்டுக்காரர் போட்டோ எடுத்திருக்கிறார். தேதி, நேரம், இடம் எல்லாம் அதில் இருக்கிறது. அதையும் அந்தக் கார்டையும் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன் இல்லையா? சிங்கப்பூரில் நாள் வாடகைக்கு வீடு என்று யார் சொன்னாலும் எடுக்காதீர்கள், ஹோட்டலோ லைசென்ஸ் உள்ள சர்வீஸ் அபார்ட்மென்டோதான். புக்கிங் நம்பரை வாங்கி அந்த இடத்துக்கு நீங்களே போன் போட்டுக் கேளுங்கள். தனி ஆளின் நம்பருக்குப் பணம் அனுப்பாதீர்கள். பில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். அரைவல் கார்டுக்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். கைப்பையில் ஒரு வேளைப் பாலுக்கு வெந்நீர்...

சின்னவள் எழுந்துவிட்டாள். இந்த மாதிரி யாராவது திருச்சியில் மாட்டியிருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். அந்தச் செக்யூரிட்டி பெரியவர் சொன்ன மற்ற இரண்டு குடும்பங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.