பாக்கின் ஆர்கன் இசை: வால்கா, அலேன், கூப்மன், கிப்பி – எந்தத் தொகுப்பு?

யொஹான் செபாஸ்தியன் பாக் எழுதிய ஆர்கன் இசை முழுவதையும் ஒரே கலைஞர் வாசித்துப் பதிவு செய்த தொகுப்புகள் இன்று இருபதுக்கும் மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பெரும்பாலும் 14 முதல் 20 சிடி வரை போகும். எல்லாவற்றையும் வாங்கிக் கட்டுப்படியாகாது. அதனால் நான்கு பேரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ஜெர்மனியின் ஹெல்முட் வால்கா, பிரான்ஸின் மாரி-கிளேர் அலேன், நெதர்லாந்தின் டான் கூப்மன், அமெரிக்காவின் ஜேம்ஸ் கிப்பி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு தொகுப்புக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அலேனின் மூன்றாவது தொகுப்பை வாங்குங்கள். ஆனால் ஒரே கருவைப் பல குரல்கள், அதாவது தனித்தனியாக ஓடும் இசை வரிகள், ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் ஃபியூக்கைக் கேட்கக் காதைப் பழக்க வேண்டும் என்றால், வால்காவின் பழைய மோனோ பதிவுகளுக்கு ஈடாக இதுவரை எதையும் நான் கேட்கவில்லை.

பியானோ பதிவுகளை ஒப்பிடும்போது வாசிப்பவரை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் போதும். ஆர்கனில் அது நடக்காது. ஒவ்வொரு ஆர்கனும் ஒரு குறிப்பிட்ட தேவாலயத்துக்காக, அந்தக் கட்டடத்தின் எதிரொலிக்கு ஏற்பக் கட்டப்பட்டது. ஸ்டாப் என்பது ஒரே குணமுள்ள குழாய்களின் வரிசை. எந்த ஊர் ஆர்கனில் எத்தனை வரிசை, எந்த மாதிரி வரிசை என்பது கட்டியவரைப் பொறுத்தது. வட ஜெர்மனியில் ஆர்ப் ஷ்னிட்கர் கட்டியதும் சாக்சனியில் காட்ஃப்ரீட் சில்பர்மன் கட்டியதும் ஒரே காலத்தவை என்றாலும் ஒலியில் வெகு தூரம். சுருதியும் மாறும். இன்றைய பொது அளவில் ‘ஏ’ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ். சில்பர்மன் 1714இல் முடித்த ஃப்ரைபெர்க் பேராலய ஆர்கனில் அது சுமார் 476. நம் கணக்கில் அரைக் கட்டைக்கும் கொஞ்சம் அதிகம். சுருதி பிடிக்கும் காது உள்ளவர்களுக்கு ஒரே படைப்பை இரண்டு தொகுப்புகளில் அடுத்தடுத்துக் கேட்டால் முதலில் தெரிவதே இதுதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஆர்கனின் பெயர் ஒன்றாக இருந்தாலும் அது ஒரே ஆர்கன் என்று சொல்லிவிட முடியாது. நெதர்லாந்தில் ஆல்க்மார் ஊரின் புனித லாரன்ஸ் ஆலய ஆர்கனை எடுத்துக்கொள்ளுங்கள். பதினேழாம் நூற்றாண்டில் வான் ஹாகர்பேர் குடும்பம் கட்டியதை, ஆர்ப் ஷ்னிட்கரின் மகன் ஃப்ரான்ஸ் காஸ்பர் 1725இல் மாற்றி அமைத்தார். வால்கா அங்கே 1956இல் பதிவு செய்தார். அதன் பெரிய சீரமைப்பு 1987இல்தான் முடிந்தது. அதனால் அந்த ஆர்கனின் பழைய பதிவையும் புதிய பதிவையும் பக்கத்தில் வைக்கும்போது, கலைஞரின் குணம் எது, சீரமைத்தவரின் கை எது என்று பிரித்துக் கேட்க வேண்டும். தொகுப்பு வாங்குகிறவர்கள் அட்டையில் கலைஞர் பெயருக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது ஆலயத்தின் பெயரும் பதிவான ஆண்டும்.

சரி, எதை வைத்து ஒப்பிடுவது? எல்லோருக்கும் தெரிந்த டி மைனர் டொக்காட்டாவை நான் தொடுவதில்லை. அதை யார் வாசித்தாலும் முதல் நிமிடத்தில் ஆளை அசத்தும், எதையும் பிரித்துக் காட்டாது. அதை உண்மையில் பாக்தான் எழுதினாரா என்ற விவாதமும் அறிஞர்களிடையே நடக்கிறது. நான் நம்புவது இரண்டை. ஒன்று, ட்ரையோ சொனாட்டா. வலது கைக்கு ஒரு குரல், இடது கைக்கு ஒரு குரல், கால்களுக்கு ஒரு குரல். ஒளிந்துகொள்ள இடமே இல்லாத வடிவம். இரண்டாவது, பாக்கின் படைப்புப் பட்டியலில் எண் 582, சி மைனர் பாஸக்காலியா. காலால் வாசிக்கும் பெடலில் எட்டு தாள அளவுகள் கொண்ட ஒரு கரு வரும். அதன் மேல் இருபது மாறுபாடுகள் அடுக்கப்பட்டு, கடைசியில் அந்தக் கருவிலிருந்தே ஒரு ஃபியூக் கிளம்பும். இந்த இரண்டிலும் நடுக்குரலைத் தொடர்ந்து பின்பற்ற முடிகிறதா என்று பாருங்கள். மேல் குரலையும் அடிக் குரலையும் எந்தப் பதிவிலும் கேட்டுவிடலாம். நடுவில் போவதுதான் தொலைந்துபோகும்.

நடுக்குரல் தொலையாமல் வாசித்தவர் வால்கா. 1907இல் லைப்சிக்கில் பிறந்தவர். இளம் வயதிலேயே பார்வையை முற்றிலும் இழந்தார். ஒரு படைப்பைக் கற்க, தாயாரோ பிறகு மனைவியோ ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக வாசித்துக் காட்டுவார்கள். ஒவ்வொன்றையும் தனியாக மனப்பாடம் செய்துகொண்டு, பிறகு மனத்துக்குள்ளேயே சேர்ப்பார். பாக்கின் ஆர்கன் இசை அவருக்குள் போனது இப்படித்தான், குரல் குரலாக. பதிவைக் கேட்கும்போது இது வெறும் வாழ்க்கை வரலாற்றுத் தகவலாக நிற்பதில்லை. நான்கு குரல் ஃபியூக்கில் மூன்றாவது குரல் கருவை எடுத்துக்கொண்டு உள்ளே வரும்போது, மற்றவை அதற்கு வழிவிட்டு நிற்பது தெளிவாகக் கேட்கிறது. வேகத்தைக் கூட்டிக் குறைத்து அந்த இடத்தை அவர் சுட்டிக்காட்டுவதில்லை. ஸ்வரங்களுக்கு இடையே விடும் சிறு இடைவெளிகளாலேயே அதைச் செய்கிறார்.

அவருக்கு இரண்டு தொகுப்புகள் உண்டு. இரண்டுமே டாய்ச்ச கிராமஃபோனின் ஆர்கிவ் பிரிவில் வந்தவை. முதலாவது மோனோ. 1947இல் லூபெக் நகரின் புனித யாகோபு ஆலயத்துச் சிறிய ஆர்கனில் தொடங்கியது. ஆர்கிவ் பிரிவே அந்தப் பதிவுகளோடுதான் பிறந்தது. அதே ஊரில் பாக்குக்கு முந்தைய இசையமைப்பாளர் பக்ஸ்டெஹூட வாசித்த மரியன்கிர்ஹ ஆலயம் 1942 குண்டுவீச்சில் எரிந்துபோயிருந்தது. அதன் ஆர்கன்களும் போயின. தப்பியதில் ஒன்றைத்தான் வால்கா வாசித்தார். அப்புறம் 1950லும் 1952லும் காப்பல் என்ற கிராமத்துக்குப் போனார். அங்கிருக்கும் ஷ்னிட்கர் ஆர்கன் 1680இல் ஹாம்பர்க் நகரத்து ஆலயம் ஒன்றுக்காகக் கட்டப்பட்டு, 1816இல் அந்தக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தது. முப்பது ஸ்டாப், இரண்டு கீபோர்டு. பெரிய நகர ஆலயங்களில் ஒவ்வொரு தலைமுறையும் ஆர்கனை நாகரிகத்துக்கேற்ப மாற்றிக்கொண்டே இருந்தது. காப்பலில் அந்த மாற்றங்கள் பெரிதாக நடக்கவில்லை. அதனால் ஷ்னிட்கரின் குழாய்கள் ஏராளமாக அப்படியே தங்கிவிட்டன.

காப்பல் பதிவுகளில் எதிரொலி குறைவு. மைக் கிட்டத்தில் இருப்பது போன்ற ஒலி. மோனோ என்றதும் பலர் ஒதுங்குவார்கள். ஆனால் ஃபியூக்குக்கு இந்த வறட்சி நல்லதே செய்கிறது. ஒவ்வொரு ஸ்வரமும் தொடங்கும் இடம், முடியும் இடம் இரண்டும் துல்லியமாகக் கேட்கும். 1956இல் ஆல்க்மாரில் தொடங்கி 1971இல் ஸ்ட்ராஸ்பூர்கில் முடிந்த இரண்டாவது, ஸ்டீரியோ தொகுப்பு ஒலியில் அகலமானது. பலருக்கு அதுதான் ‘வால்கா’. ஆல்க்மாரில் அவர் வாசித்த ட்ரையோ சொனாட்டாக்கள் அருமை. ஆனாலும் பிற்காலத்து வால்காவிடம் ஒரு கனம் ஏறிவிட்டது, காப்பல் வால்காவிடம் இருந்த துள்ளல் குறைந்துவிட்டது என்பது என் எண்ணம்.

வால்காவின் குறை, அவர் முழுமையை நாடவில்லை என்பதுதான். பாக் பிறருடைய கான்செர்ட்டோக்களை ஆர்கனுக்கு மாற்றி எழுதிய படைப்புகளை விட்டுவிட்டார். சந்தேகத்துக்குரிய இளமைக்கால ஆக்கங்களும் கிடையாது. யேல் பல்கலைக்கழகத்தில் 1980களின் நடுவில் வெளிச்சத்துக்கு வந்த நாய்மைஸ்டர் கோராலேகள், அதாவது தேவாலயப் பாடல் மெட்டுகளை வைத்த ஆர்கன் படைப்புகள், அவர் பதிவுகளை முடித்த பிறகுதான் தெரியவந்தன. உணர்ச்சி ததும்பும் வாசிப்பை எதிர்பார்ப்பவருக்கும் அவர் சரிப்பட்டு வரமாட்டார்.

அலேன் 1926இல் பிறந்து 2013இல் மறைந்தவர். தந்தை ஆல்பேர் வீட்டிலேயே ஓர் ஆர்கன் கட்டினார். அண்ணன் ஷெஹான் இசையமைப்பாளர், 1940இல் போரில் கொல்லப்பட்டவர். பாக்கின் ஆர்கன் இசையை அவர் எராட்டோ நிறுவனத்துக்காக மூன்று முறை முழுமையாகப் பதிவு செய்தார். முதல் முறை, 1960களில், பெரும்பாலும் டென்மார்க்கின் மார்குசன் போன்ற நிறுவனங்கள் இருபதாம் நூற்றாண்டில் கட்டிய ஆர்கன்களில். மூன்றாவது முறை, 1980களின் நடுவிலிருந்து 1990களின் தொடக்கம் வரை, பழைய ஆர்கன்களைத் தேடிப்போய். க்ரோனிங்கன் மார்ட்டினிகெர்க் ஆர்கனை யூர்கன் ஆரெண்ட் சீரமைத்து முடித்தது 1984இல். அது போன்ற சீரமைப்புகள் இல்லாமல் அந்தத் தொகுப்பு வந்திருக்காது. ஆக, அவருடைய மூன்று தொகுப்புகளையும் வரிசையாகக் கேட்டால், ஒரு கலைஞரின் வளர்ச்சியோடு ஐரோப்பா தன் பழைய ஆர்கன்களை மீட்டெடுத்த கதையும் சேர்ந்து கேட்கிறது.

முதல் தொகுப்பில் இளமை வேகம் இருக்கிறது. ஸ்வரங்கள் மணி மணியாக விழும், தாளம் கடிகாரத்தைப் பிசகாது. மூன்றாவதில் அந்த ஒழுங்கை அவரே தளர்த்தியிருக்கிறார். ஒரு வாக்கியம் முடியும் இடத்தில் மூச்சு விடுகிறார். கனமான பழைய விசைகளின் மேல் பழைய விரலமைப்போடு வாசிக்கும்போது ஸ்வரங்கள் தாமாகவே இரண்டிரண்டாகச் சேர்ந்து பேசத் தொடங்குகின்றன. கோராலே பிரலூடுகளில் இது பெரிய லாபம். பட்டியல் எண் 639, ‘உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்’ என்ற சிறு பிரார்த்தனை, வால்காவிடம் ஒரு நேர்கோடாகப் போகும். அலேனிடம் அது ஒருவர் மனம்விட்டுக் கேட்கும் வேண்டுதலாக ஆகிறது. இத்தனை விதமான படைப்புகளில் இத்தனை சீரான தரம் வேறு யாரிடமும் எனக்குக் கிடைக்கவில்லை. முதலில் வாங்கச் சொல்வதும் அதனால்தான்.

கூப்மன் இவர்கள் இருவருக்கும் எதிர்த் திசை. 1990களில் டெல்டெக் நிறுவனத்துக்காக அவர் பதிவு செய்த தொகுப்பில், மாஸ்ஸ்லாய்ஸ் ஊரில் ருடால்ஃப் கரெல்ஸ் 1732இல் கட்டியது போன்ற பழைய ஆர்கன்களே பேசுகின்றன. வேகம் அதிகம், அலங்காரம் அதைவிட அதிகம். தாளில் பாக் எழுதாத இடத்திலும் துணிந்து ஓர் அசைவைச் சேர்ப்பார். கமகம் இல்லாமல் ஒரு ஸ்வரத்தைத் தனியே நிற்க விடாத நம் பழக்கத்துக்கு இது சட்டென்று பிடித்துப்போகும். பாக் வாழ்ந்த பரோக் காலத்தில் வாசிப்பவருக்கு அந்தச் சுதந்திரம் இருந்ததும் உண்மை. இளம் பாக் வட ஜெர்மானிய பாணியில் எழுதிய சுதந்திரமான பிரலூடுகளில் கூப்மனை மிஞ்ச ஆள் இல்லை. பாதி எழுதி வைத்ததும் பாதி அந்த நிமிடத்தில் தோன்றியதும் போல இருக்க வேண்டிய இசை அது. அவரிடம் அப்படியே இருக்கிறது.

ஃபியூக்குக்கு வந்தால்தான் எனக்கு உடன்பாடு இல்லை. கருவின் மேலேயே அலங்காரத்தை ஏற்றும்போது, அடுத்த குரல் அதே கருவோடு உள்ளே வருவதைக் காது தவறவிடுகிறது. பாஸக்காலியாவிலும் இருபது மாறுபாடுகள் படிப்படியாக ஏற வேண்டிய உயரத்தை அவர் சீக்கிரமே எட்டிவிடுகிறார். அவருடைய பாக்கை விட அவருடைய பக்ஸ்டெஹூடவை நான் அதிகம் விரும்புகிறேன். சேலஞ்ச் கிளாசிக்ஸில் வந்த அந்த முழுத் தொகுப்பில் கலைஞரும் இசையும் ஒரே மொழி பேசுகிறார்கள்.

கிப்பி விஷயத்தில் பணப் பேச்சுக்கே இடமில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய இவர் 2007 முதல் 2009 வரை ஜெர்மனியின் பரோக் கால ஆர்கன்களில் பாக்கின் 270 ஆர்கன் படைப்புகளைப் பதிவு செய்தார். அவை இணையத்தில் இலவசமாகத் தரவிறக்கக் கிடைக்கின்றன. வாசிப்பு நேர்மையானது, அடக்கமானது. வால்காவின் ஆழமோ கூப்மனின் துணிச்சலோ இதில் இருக்காது. ஆனால் ஆர்கன்களைப் பாருங்கள். நௌம்புர்க் புனித வென்சல் ஆலயத்தில் சக்கரியாஸ் ஹில்டெப்ராண்ட் கட்டிய ஆர்கனை, 1746இல் பாக்கும் சில்பர்மனும் நேரில் வந்து பரிசோதித்து ஏற்றுக்கொண்டார்கள். அதன் சீரமைப்பு முடிந்தது 2000இல். அதாவது வால்காவும் அலேனும் கூப்மனும் தங்கள் தொகுப்புகளைப் பதிவு செய்த காலத்தில், இன்று நாம் கேட்கும் நிலையில் அந்த ஆர்கன் இல்லை. கிப்பியின் தொகுப்பில் அது இருக்கிறது. 1739இல் பாக் வாசித்துப் பார்த்த ஆல்டன்பூர்க் கோட்டை ஆலயத்தில் ட்ரோஸ்ட் கட்டிய ஆர்கனும் இருக்கிறது. பாக்கின் கை பட்ட கருவிகளின் ஒலி வேண்டும் என்றால் இதைவிட எளிய வழி கிடையாது. தொடங்குகிறவர்கள் ஒரு பைசா செலவழிக்கும் முன் இங்கே கேட்டுப் பழகலாம்.

எதில் கேட்கிறோம் என்பதும் ஒப்பீட்டை மாற்றிவிடும். பெடலில் பதினாறடிக் குழாயின் அடி ஸ்வரம் சுமார் 33 ஹெர்ட்ஸ்; முப்பத்திரண்டடிக் குழாய் அதிலும் பாதி. கைபேசியின் ஒலிபெருக்கியில் இவை வருவதே இல்லை. பாஸக்காலியாவை அதில் கேட்பவருக்குக் கருவே கேட்காது. காதை மூடும் நல்ல ஹெட்ஃபோன் போதும், பெரிய ஸ்பீக்கர் கட்டாயமில்லை. ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அலேனின் மூன்று தொகுப்புகளும் ஒரே பெயரில் கலந்து கிடக்கும், சில இடங்களில் மறுவெளியீட்டு ஆண்டு மட்டுமே போட்டிருக்கும். ஆலயத்தின் பெயரைத் தேடுங்கள். க்ரோனிங்கன் என்று இருந்தால் மூன்றாவது தொகுப்பு. டென்மார்க் ஊர் எதுவும் இருந்தால் அது பெரும்பாலும் முதலாவது.