முதலிடமா, முன்னேற்றமா? அமெச்சூர் ஸ்பீட் ஸ்கேட்டிங் விருது முறைகள்: ஓர் ஒப்பீடு

பனித்தள ஸ்பீட் ஸ்கேட்டிங்கில் பெரும் மதிப்புள்ள இரண்டு பரிசுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஆஸ்கர் மாத்திசன் விருது. 1908 முதல் 1914 வரையிலான காலத்தில் ஐந்து முறை உலக சாம்பியனான நார்வே வீரரின் நினைவாக, ஓஸ்லோவின் ஸ்கேட்டிங் கிளப் ஒன்று 1959இல் தொடங்கிய விருது இது. ஒரு பருவத்தில் நிகழ்ந்த சாதனைகளில் தலைசிறந்தது எது என்று தேர்வுக் குழு தீர்மானிக்கும். மாத்திசன் சிலையின் சிற்றுரு ஒருவர் கைக்குப் போகும்.

மற்றொன்று, நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் பதினொரு நகரங்களைச் சுற்றிவரும் எல்ஃப்ஸ்டேடன்டாக்ட் பயணத்தின் சிறிய சிலுவைப் பதக்கம். உறைந்த கால்வாய்களிலும் ஏரிகளிலும் சுமார் 200 கிலோமீட்டர். வழியில் உள்ள சாவடிகளில் அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு நள்ளிரவுக்குள் முடித்துவிட்டால் பதக்கம் உங்களுடையது. எத்தனையாவது ஆளாக வந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. 1986இல் டச்சு இளவரசர் வில்லெம் அலெக்சாந்தர் வேறு பெயரில் பதிவு செய்துகொண்டு இதை முடித்தார். அவருக்கும் அதே தூரம், அதே கெடுதான். 1963இல் கடும் குளிரிலும் பனிப்புயலிலும் சிக்கி, போட்டியில் சேராமல் சுற்றுப்பயணமாகக் கிளம்பிய ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் 69 பேர் மட்டுமே இறுதிக்கோட்டைத் தொட்டார்கள்.

பெரும்பாலான அமெச்சூர் கிளப்புகள் ஆண்டு விழா என்றதும் யோசிக்காமல் முதல் வகையைப் பின்பற்றுகின்றன: ஆண்டின் சிறந்த வீரர், ஆண்டின் சிறந்த தன்னார்வலர், ஆண்டின் சிறந்த கிளப். தொழில்முறை அல்லாத விளையாட்டுக்கு இரண்டாம் வகையே அதிகம் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் எல்லா இடத்திலும் அல்ல. ஆகவே ஒவ்வொரு முறையையும் தனித்தனியே எடைபோட வேண்டியிருக்கிறது.

வீரர் விருது: நான்கு வழிகள்

குழு கூடித் தேர்ந்தெடுப்பது மிகப் பழைய வழி. எண்களுக்கு எட்டாதவை மனிதர்கள் கண்ணுக்குத் தெரியும் என்பது இதன் பலம். காயத்திலிருந்து மீண்டு வந்து கடைசி இடம் பிடித்தவரையும், விழுந்து கிடந்த எதிராளியைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போனவரையும் எந்தப் புள்ளிப் பட்டியலும் காட்டாது. அமெரிக்காவில் அமெச்சூர் விளையாட்டுக்காக 1930 முதல் தரப்படும் சல்லிவன் விருது, சாதனையோடு நற்பண்பையும் தலைமைப் பண்பையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஸ்பீட் ஸ்கேட்டிங்கில் எரிக் ஹைடன் 1980இலும், பானி பிளேர் 1992இலும், டான் ஜான்சன் 1994இலும் அதைப் பெற்றார்கள்.

நாடளாவிய விருதுக்கு இது சரி. நாற்பது பேர் உள்ள கிளப்பில் தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் யார்? பரிசுக்குப் போட்டியிடும் பிள்ளைகளின் பெற்றோர்கள். எவ்வளவு நேர்மையாக முடிவெடுத்தாலும் வீடு போய்ச் சேர்வதற்குள் முணுமுணுப்பு தொடங்கிவிடும். குழுமுறைதான் வேண்டும் என்றால், அந்தப் பருவம் முழுவதும் போட்டிகளை நடத்திய நடுவர்களிடமோ பக்கத்துக் கிளப்பின் பயிற்சியாளர்களிடமோ பொறுப்பை ஒப்படைப்பது நல்லது. அவர்கள் பனித்தளத்தில் நடந்ததைப் பார்த்தவர்கள். வீட்டுக்குள் நடப்பது அவர்களுக்குத் தெரியாது.

இரண்டாவது வழி, இடத்துக்கு ஏற்ற புள்ளிகளைப் பருவம் முழுவதும் கூட்டுவது. 111.12 மீட்டர் வளையத்தில் நடக்கும் ஷார்ட் டிராக்குக்கு இதுவே இயல்பான முறை. அங்கே நேரத்தைவிட யார் முன்னால் வந்தார் என்பதே பெரிது. யாரும் முன்னே போகத் துணியாத பந்தயத்தின் நேரம் படு மோசமாக இருக்கும், வென்றவர் வென்றவர்தான். அதிர்ஷ்டத்துக்கு இங்கே இடம் உண்டு என்பது உண்மை. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கின் 1000 மீட்டர் இறுதியில் முன்னால் சென்ற நால்வரும் கடைசி வளைவில் சரிய, பின்தங்கி வந்த ஆஸ்திரேலியாவின் ஸ்டீவன் பிராட்பரி தங்கம் வென்றார். ஒரு பந்தயத்தில் அப்படி நடக்கும். ஒரு பருவத்தின் எல்லாப் பந்தயங்களிலும் நடக்காது. புள்ளி முறையின் உண்மையான குறை வேறு. எல்லாப் போட்டிகளுக்கும் பயணம் செய்ய வசதி உள்ளவரிடமே புள்ளிகள் குவியும். எத்தனை போட்டிகளில் கலந்துகொண்டாலும் சிறந்த நான்கு முடிவுகள் மட்டுமே கணக்கில் வரும் என்று விதி வைத்துவிட்டால் இந்தக் குறை பெருமளவு அடங்கும்.

400 மீட்டர் லாங் டிராக்கில் இதைவிட நேர்த்தியான கணக்கு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தூரத்தின் நேரத்தையும் 500 மீட்டருக்கு எவ்வளவு என்று மாற்றிக் கூட்டுவார்கள். 1500 மீட்டர் நேரத்தை மூன்றாலும், 3000 மீட்டர் நேரத்தை ஆறாலும் வகுத்தால் போதும். குறைந்த கூட்டுத்தொகை உள்ளவரே வெற்றியாளர். உதாரணத்துக்கு இருவரை வைத்துக்கொள்வோம். முதலாமவர் 500 மீட்டரை 41.20 விநாடியிலும், 1500 மீட்டரை 2 நிமிடம் 9.00 விநாடியிலும், 3000 மீட்டரை 4 நிமிடம் 36.00 விநாடியிலும் முடிக்கிறார். அவருடைய புள்ளிகள் 41.200, 43.000, 46.000, மொத்தம் 130.200. இரண்டாமவர் 42.50, 2 நிமிடம் 8.10, 4 நிமிடம் 28.80. புள்ளிகள் 42.500, 42.700, 44.800; மொத்தம் 130.000. குறுந்தூரத்தில் 1.3 விநாடி தோற்றவர் மொத்தத்தில் ஜெயித்துவிட்டார். பார்வையாளர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது முதலாமவர்தான். ஒரு குழு உட்கார்ந்து ஓட்டுப் போட்டிருந்தால் பரிசு பெரும்பாலும் அவருக்கே போயிருக்கும். நெடுந்தூர வீரருக்கு நியாயம் செய்வதில் இந்தக் கணக்கை விஞ்சியது எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் எந்தப் பனியில் எடுத்த நேரம் என்று கேட்காமல் இந்தக் கணக்கைப் போடக் கூடாது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கும் கால்கரி தளத்திலும், அதைவிட உயரமான சால்ட் லேக் தளத்திலும் காற்று அடர்த்தி குறைவு, எதிர்ப்பும் குறைவு. உலக சாதனைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டு இடங்களில் பிறந்தது தற்செயல் அல்ல. மூடிய அரங்கின் பனிக்கும், காற்றும் தூறலும் படும் திறந்தவெளிப் பனிக்கும் இடையே இதைவிடப் பெரிய வித்தியாசம் இருக்கும். பருவத்தின் சிறந்த நேரம் எங்கே எடுத்ததானாலும் செல்லும் என்று விட்டுவிட்டால், வேகமான பனிக்குப் பயணச்சீட்டு வாங்கியவருக்கே கோப்பை போகும். எல்லோரும் கலந்துகொண்ட ஒரே போட்டியின் நேரங்களை மட்டும் எடுக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

மூன்றாவது வழி முன்னேற்ற விருது. கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் கணக்கில் சறுக்கும். 70 விநாடியிலிருந்து 58 விநாடிக்கு வந்த புதியவரின் முன்னேற்றம் 17 சதவீதம். 41.20இலிருந்து 40.60க்கு வந்த மூத்தவரின் முன்னேற்றம் ஒன்றரை சதவீதம். இரண்டில் எதற்கு அதிக உழைப்பு தேவை என்று பிளேடு கட்டிய எவரும் சொல்வார்கள். போதாக்குறைக்கு, ஒரே ஆண்டில் கிடுகிடுவென வளர்ந்துவிட்ட சிறுவனின் நேரம் தானாகவே குறைந்திருக்கும். இந்த விருதைத் தருவதென்றால், முதல் இரண்டு பருவங்களில் இருப்பவர்களுக்கு மட்டும், அதையும் வயதுப் பிரிவு வாரியாகத் தரலாம். மற்றவர்களுக்கு வேண்டாம்.

நான்காவது, தகுதி நேரப் பேட்ஜ். வயதுக்கும் தூரத்துக்கும் ஏற்ப வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று நேரங்களை வகுத்துவிட வேண்டும். தொட்டவர் எல்லோருக்கும் உண்டு. அந்தச் சிலுவைப் பதக்கத்தின் இளைய தம்பி இது. கடைசியாக வருபவளும் வெள்ளியைத் தொட இன்னும் 0.8 விநாடி பாக்கி என்று தெரிந்துகொண்டு அடுத்த போட்டிக்கு வருவாள். ‘ஆண்டின் சிறந்த வீரர்’ பட்டம் அவளை ஒருநாளும் அப்படி வரவழைக்காது. பலவீனமும் உண்டு. நேரங்களைத் தாராளமாக வைத்தால் பேட்ஜுக்கு மதிப்பே இருக்காது. தங்கத்தைத் தாண்டிவிட்டவருக்கு இதில் எதுவும் மிச்சமில்லை.

நான் கேட்கப்பட்டால் இப்படிப் பிரிப்பேன். பதினான்கு வயதுக்கு உட்பட்ட எல்லோருக்கும் பேட்ஜ் மட்டும்; கோப்பை கிடையாது. மூத்தோருக்கு ஷார்ட் டிராக்கில் சிறந்த நான்கு முடிவுகளின் புள்ளிகளும், லாங் டிராக்கில் ஒரே போட்டியின் கூட்டுக் கணக்கும். குழு தேர்ந்தெடுக்கும் பரிசு ஒன்றே ஒன்று, அது பந்தயப் பண்புக்கு. எந்த முறையானாலும் சமநிலை வந்தால் என்ன செய்வது என்பதைப் பருவம் தொடங்குமுன் எழுதி ஒட்டிவிட வேண்டும். 1956 எல்ஃப்ஸ்டேடன்டாக்டின் போட்டிப் பிரிவில் முன்னணியில் இருந்த ஐவர் சேர்ந்தே இறுதிக்கோட்டைக் கடந்தார்கள். அமைப்பாளர்கள் அந்த ஆண்டுக்கு வெற்றியாளரையே அறிவிக்கவில்லை. அதைப் பற்றிய வாதம் பல காலம் ஓயவில்லை.

தன்னார்வலர் விருது

ஷார்ட் டிராக் போட்டியில் வளைவின் உட்புறம் நிற்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வளைவைக் காட்டும் கறுப்பு ரப்பர் கட்டைகளில் ஒன்று ஸ்கேட் பட்டுப் பறந்தால், அடுத்த சுற்றுக்கு ஆட்கள் வந்து சேர்வதற்குள் அதை மீண்டும் புள்ளியில் வைப்பது அவர்கள் வேலை. வேகமாக வரும் பிளேடுகளுக்கும் அவர்களுக்கும் இடையே சில மீட்டர்தான் இருக்கும். பந்தயங்களுக்கு நடுவே வளைவில் விழுந்த கீறல்களில் வாளியிலிருந்து தண்ணீர் ஊற்றி உறையவிடுவார்கள். இன்னொருவர் மீதமுள்ள சுற்றுகளின் எண்ணைத் திருப்புவார், கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார். ஒருமுறை தவறாக அடித்துவிட்டால் அந்தப் பந்தயமே கெட்டது. உடைமாற்றும் அறையின் மூலையில் ஒருவர் இரண்டு பிளேடுகளை ஜிக்கில், அதாவது அவற்றை அசையாமல் பிடிக்கும் சட்டத்தில், பூட்டி, தீட்டுக்கல்லை நீளவாக்கில் ஓட்டி, விளிம்பில் எழும் பிசிறை எடுத்துக்கொண்டிருப்பார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் ஸ்கேட்டுகள் பெரும்பாலும் அவர் கையால்தான் கூர்மை பெறுகின்றன.

இவர்களில் யாருக்கு விருது? சர்வதேச ஸ்கேட்டிங் யூனியன் வீரர்களுக்கு ஜாக் ஃபவார் கோப்பையும், விளையாட்டுக்காக வெளியிலிருந்து உழைத்தவர்களுக்கு கேயோர்க் ஹேஸ்லர் பதக்கமும் என்று இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறது. அந்தப் பிரிவினை சரியானது. கிளப் அளவில் மூன்று முறைகள் மோதுகின்றன.

சேவை ஆண்டுகளை எண்ணி, சட்டையில் குத்திக்கொள்ளும் ‘பின்’ ஒன்றைத் தருவதில் சண்டைக்கு இடமில்லை. ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு, இருபது ஆண்டு. பதிவேட்டைப் பார்த்தால் போதும். ஆனால் இருபது ஆண்டு கமிட்டி நாற்காலியில் அமர்ந்தவருக்கும், ஒரே குளிர்காலத்தில் எல்லாப் பெற்றோருக்கும் பிளேடு தீட்டக் கற்றுக்கொடுத்தவருக்கும் உள்ள வேறுபாடு அதில் தெரியாது. பரிந்துரை முறையில் அது தெரியும், நன்றாக எழுதத் தெரிந்த நண்பர் ஒருவர் இருந்தால். ‘அர்ப்பணிப்பு மிக்கவர், எப்போதும் புன்னகை மாறாதவர்’ என்று வரும் பரிந்துரைகளை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். இந்தப் பருவத்தில் அவர் செய்த ஒரு காரியத்தை, எந்தப் போட்டியில் என்பது உட்பட, எழுதச் சொல்ல வேண்டும். மூன்றாவது, பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கச் சொல்வது. பயிற்சியாளர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுச் செய்தால் இது அருமையான முறை. நீக்காவிட்டால் ஒவ்வோர் ஆண்டும் பயிற்சியாளருக்கே போகும்.

சேவைப் பின்னை எந்த விவாதமும் இல்லாமல் எல்லோருக்கும் தந்துவிட்டு, அதற்கு மேல் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கும் ஒரு விருதை வைப்பதே என் விருப்பம். அதோடு ஒன்று. மூன்று ஆண்டுகளாக ஒரே ஆள் பிளேடு தீட்டிக் களைத்திருக்கிறார் என்றால் அவருக்கு முதலில் வேண்டியது இரண்டாவது ஆள். கேடயத்தைக் கொடுத்துவிட்டு அதே வேலையை மறுபடியும் அவர் தலையிலேயே கட்டும் கிளப், அவரை இழக்கும். பல நல்லவர்கள் அப்படித்தான் இந்த விளையாட்டைவிட்டுப் போனார்கள்.

கிளப் விருது

இங்கே நீண்ட யோசனை தேவையில்லை. பதக்கங்களை எண்ணினால் மூடிய அரங்கும் அதிக உறுப்பினர்களும் உள்ள கிளப்பே எப்போதும் வெல்லும். உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்தால், மெதுவாகச் சறுக்குபவர்களைச் சேர்த்துக்கொள்ளாமல் இருப்பது லாபம் என்றாகிவிடும்; அது இன்னும் மோசம். சென்ற பருவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இந்தப் பருவமும் திரும்பி வந்தார்கள் என்ற விகிதத்தையும், போட்டிகளுக்கு எத்தனை பயிற்சி பெற்ற நடுவர்களையும் நேரக்காப்பாளர்களையும் அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்ப்பதே நியாயம். பன்னிரண்டு பேர் உள்ள கிளப்பும் அதில் வெல்ல முடியும். உறுப்பினர் பதிவேடும் போட்டி அறிக்கைகளும் கையில் இருந்தால் ஒரு மாலை நேரத்தில் கணக்கைச் சரிபார்த்துவிடலாம்.

பரிசாகக் கேடயம் வேண்டாம். சுவரில் மோதி அடிபடுவதிலிருந்து காக்கும் மெத்தைகள், தீட்டும் ஜிக், பனித்தளத்தில் கூடுதல் நேரம் என்று வென்ற கிளப்பே ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். புதியவர்களைத் தக்கவைத்துக்கொண்ட கிளப்புக்கு அடுத்த பருவத்தில் இன்னும் அதிகமான புதியவர்கள் வருவார்கள். அவர்களுக்கு ஸ்கேட்டும் மெத்தையும் பனியும் வேண்டியிருக்கும்.