எந்த போன் அதிக நாள் உழைக்கும்? நம்பகத்தன்மைப் பட்டியல்கள் குறித்து ஒரு மதிப்பாய்வு

போன் வாங்கப் போகிறவர்கள் கேமரா பற்றிக் கேட்பார்கள், பேட்டரி பற்றிக் கேட்பார்கள். "எத்தனை வருஷம் உழைக்கும்?" என்ற கேள்வி அதற்கெல்லாம் பிறகுதான் வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதாக வருபவைதான் நம்பகத்தன்மைப் பட்டியல்கள்: இந்த பிராண்டுக்கு முதலிடம், அந்த பிராண்டுக்குக் கடைசி இடம், பழுது விகிதம் இத்தனை சதவீதம். அவற்றை எப்படிப் படிப்பது, எவ்வளவு நம்புவது என்பதே இந்த மதிப்பாய்வு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரே ஒரு போன் வாங்குபவருக்கு பிராண்டுகளை வரிசைப்படுத்தும் பட்டியல் அநேகமாக உதவாது. குறிப்பிட்ட மாடலில் எந்தப் பாகம், எதனால் போகிறது என்ற தகவல் மிகவும் உதவும்.

போன்களைச் சோதிக்கும் மென்பொருள் தரும் பிளாங்கோ நிறுவனம் 2016-ன் இரண்டாம் காலாண்டுக்கு வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். ஐபோன்களின் பழுது விகிதம் 58 சதவீதம், ஆண்ட்ராய்டு போன்களுடையது 35 சதவீதம் என்றது அது. முந்தைய காலாண்டில் ஐபோனுக்கு வெறும் 25 சதவீதம். மூன்றே மாதத்தில் பாதிக்கு மேற்பட்ட ஐபோன்கள் கெட்டுப்போயின என்று அர்த்தமா? இல்லை. ஆப் தானாக மூடிக்கொள்வதும் அந்தக் கணக்கில் பழுதுதான். ஒரு அப்டேட்டில் சரியாகிவிடும் விஷயமும், மெயின் போர்டு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முக்கிய மின்சுற்றுப் பலகை) போய் போன் டெட் ஆவதும் ஒரே தராசில் ஏறிவிட்டன. தவிர, சோதிக்கப்பட்டவை ஏதோ கோளாறு என்று எடுத்து வரப்பட்ட போன்கள். ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்களை எண்ணிவிட்டு ஊரில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் என்று சொல்வது போன்ற கணக்கு இது.

ஆகவே எந்தப் பட்டியலைப் பார்த்தாலும், எதைப் பழுது என்று எண்ணினார்கள், யாருடைய போன்களை எண்ணினார்கள், அந்த போன்களுக்கு எத்தனை வயது என்ற மூன்றையும் தேடுங்கள். கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். ஒரு பிராண்டை நாலைந்து வருடம் வைத்திருந்து பயன்படுத்துகிறார்கள், இன்னொன்றை ஒன்றரை வருடத்தில் மாற்றிவிடுகிறார்கள் என்றால், சர்வீஸ் சென்டர் கணக்கில் முதலாவதுதான் மோசமாகத் தெரியும். விலை உயர்ந்த போன் பழுதானால் சர்வீசுக்கு வரும். மலிவான போன் மேஜை டிராயருக்குப் போய்விடும், எந்தக் கணக்கிலும் ஏறாது. வாரண்டிக் கோரிக்கைகளை மட்டும் எண்ணும் பட்டியலில் கீழே விழுந்து உடைந்தவை இருக்காது. போன்கள் பழுதாகும் காரணங்களில் பெரியதே அதுதான்.

சரி, பட்டியல் நேர்மையாகவே எடுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிராண்டில் நூற்றுக்கு 3 போன், இன்னொன்றில் நூற்றுக்கு 5 போன் முதல் வருடத்தில் பழுதாகின்றன. நீங்கள் வாங்கும் ஒரு போன் நல்லபடியாக ஓட 97 சதவீத வாய்ப்பா, 95 சதவீதமா என்பதுதான் வித்தியாசம். கேமராவோ கையில் பிடிக்கும் வாகோ பிடித்திருந்தால் அந்த 2 சதவீதத்துக்காக அதை விட வேண்டியதில்லை. ஊழியர்களுக்கு 500 போன் வாங்கும் நிறுவனத்துக்கு அதே வித்தியாசம் 10 போன். அவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

உண்மையில் பெரிய பழுதுகள் பிராண்டு பார்த்து வருவதில்லை, மாடல் பார்த்து வருகின்றன. சாம்சங் கேலக்ஸி நோட் 7 2016 ஆகஸ்டில் வந்தது, பேட்டரி தீப்பிடித்ததால் செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டது, அக்டோபரில் உற்பத்தியே நின்றது. 2017 ஜனவரியில் சாம்சங் காரணம் சொன்னது. இரண்டு இடங்களிலிருந்து வாங்கிய பேட்டரிகளில் இரண்டு வெவ்வேறு குறைகள்: ஒன்றில் உறையின் மேல் மூலையில் இடம் போதாமல் எதிர்மின் தகடு மடங்கியிருந்தது, மற்றதில் வெல்டிங் பிசிறு தகடுகளுக்கு நடுவிலிருந்த தடுப்புப் படலத்தைக் குத்திக் கிழித்தது. அதே வருடம் வந்த சாம்சங்கின் இன்னொரு போனான கேலக்ஸி எஸ்7-க்கு இந்தப் பிரச்சினை இல்லை. அப்படியிருக்க "சாம்சங் நம்பகமானதா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்ல முடியும்?

ஐபோன் 6 பிளஸ் கதையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பெரிய, மெல்லிய உடல். பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்து எழும்போதெல்லாம் லேசாக வளையும். உள்ளே மெயின் போர்டும் கூடவே வளையும். தொடுதலை உணரும் சிப்களான டச் ஐசி-களின் அடியில், அவற்றை போர்டோடு இணைக்கும் சால்டர் மணிகளில் மயிரிழை விரிசல் விழும். முதலில் டிஸ்ப்ளேயின் மேல் விளிம்பில் சாம்பல் நிறப் பட்டை மினுக்கும். பிறகு டச் விட்டுவிட்டு வேலை செய்யும். கடைசியில் அடியோடு நின்றுபோகும். பார்த்தால் டிஸ்ப்ளே போனது போலவே இருக்கும். ஆனால் புது டிஸ்ப்ளே போட்டாலும் சரியாகாது, ஏனென்றால் கோளாறு போர்டில். ஐசி-யை எடுத்து மாற்ற வேண்டும், அதற்கு மைக்ரோ சால்டரிங் (மிக நுண்ணிய பற்றவைப்பு) தெரிந்த ஆள் வேண்டும். 2016 நவம்பரில் ஆப்பிள் இதற்கென்றே தனிப் பழுதுநீக்கத் திட்டம் அறிவித்தது. அடுத்து வந்த ஐபோன் 6எஸ் வரிசையில் டச் ஐசி-களை டிஸ்ப்ளே பக்கமே நகர்த்திவிட்டார்கள்.

எல்ஜி ஜி4 போனில் கோளாறு வேறு மாதிரி. லோகோ வரும், அணையும், மறுபடி லோகோ வரும், பூட்லூப். பாகங்களுக்கு இடையே இணைப்பு தளர்ந்திருப்பதாக 2016 ஜனவரியில் எல்ஜி ஒப்புக்கொண்டது. பிறகு 2021-ல் அந்த நிறுவனம் போன் தொழிலையே விட்டது. கம்பெனியே விலகிவிட்டால் உதிரி பாகத்துக்கு எங்கே போவது என்பதை எந்தத் தரவரிசையும் சொல்வதில்லை.

இப்படி ஒரு மாடலுக்கே உரிய வியாதி இருந்தால் அது போன் வந்த வாரத்திலேயே தெரியாது. சூடாகி ஆறுவது, வளைவது, ஈரம் என்று பல மாதம் ஓடிய பிறகுதான் வெளியே வரும். அதனால் விற்பனைக்கு வந்து ஏழெட்டு மாதமான மாடலை வாங்குவது பாதுகாப்பானது. தேடும்போது பிராண்டு பெயரைப் போடாமல் மாடல் பெயரோடு "பச்சைக் கோடு", "பூட்லூப்", "பேட்டரி உப்பல்", "சார்ஜ் ஏறவில்லை" என்று அறிகுறியைச் சேர்த்துத் தேடுங்கள். ஒரே அறிகுறியைப் பலர் ஒரே மாதிரி வர்ணித்தால் அது சும்மா இல்லை. செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்கு இந்தத் தேடல் இன்னும் அவசியம், அந்த மாடலின் குறை அதற்குள் முழுசாக வெளியே வந்திருக்கும்.

மாடல் வாரியாக, ஒரே அளவுகோலில் ஒப்பிட உருப்படியான ஒரு வழி இப்போது இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்கு ஒரு லேபிள் கட்டாயம். கீழே விழுந்தால் தாங்கும் திறனுக்கு ஒரு தரம், பழுதுபார்க்கும் எளிமைக்கு ஒரு தரம், பேட்டரி எத்தனை சைக்கிள் (முழு சார்ஜ் அளவு செலவாவது ஒரு சைக்கிள்) தாங்கும், தூசி, நீர்ப் பாதுகாப்பு எவ்வளவு என்று எல்லாம் அதிலேயே இருக்கும். விதிகளின்படி பேட்டரி 800 சைக்கிளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு வைத்திருக்க வேண்டும். விற்பனை நின்று 7 வருடம் வரை உதிரி பாகம் கிடைக்க வேண்டும். போன் எங்கே வாங்கினாலும் அதே மாடலின் லேபிளைப் பார்த்துக்கொள்ளலாம். வடிவமைப்பில் ஒளிந்திருக்கும் சால்டர் விரிசலை இது காட்டாது. ஆனாலும் பிராண்டுப் பட்டியலை விடப் பல மடங்கு மேல்.

சைக்கிள் கணக்கைப் புரிந்துகொள்வது நல்லது. இன்று 60, நாளை 40 சதவீதம் செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சைக்கிள். 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும் அளவு ஐபோன் 14 வரை 500 சைக்கிள், ஐபோன் 15-லிருந்து 1,000 சைக்கிள் என்று ஆப்பிள் சொல்கிறது. தினம் ஒரு சைக்கிள் என்றால் 500 என்பது ஒன்றரை வருடத்துக்குள் தீரும். 1,000 என்பது மூன்று வருடத்துக்குச் சற்றுக் குறைவு. பேட்டரி வயதானால் கொள்ளளவு குறைவதோடு உள்மின்தடையும் ஏறும். கேமராவைத் திறந்ததும் வோல்டேஜ் சட்டென்று இறங்கி, 30 சதவீதம் காட்டும்போதே போன் அணைவது அதனால்தான். இதைத் தவிர்க்க ஆப்பிள் 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 மூலம் பழைய பேட்டரி உள்ள போன்களின் வேகத்தைக் குறைத்தது, அந்த டிசம்பரில்தான் வெளிப்படையாகச் சொன்னது. போன் கிழடாகிவிட்டது என்று புதிது வாங்கிய பலருக்கு ஒரு புது பேட்டரியே போதுமானதாக இருந்திருக்கும். பேட்டரி உப்பிவிட்டால் மட்டும் தள்ளிப்போடக் கூடாது: பின்மூடி தூக்கிக்கொண்டு நின்றால் அழுத்தி மூடாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள், உடனே மாற்றுங்கள்.

தூசி, நீர்ப் பாதுகாப்பைக் குறிக்கும் ஐபி68 எண்ணையும் நம்பகத்தன்மையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது புது போனை நல்ல தண்ணீரில் வைத்துச் செய்த சோதனை. உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் அதில் சேராது. நீர் புகாமல் போனை மூடி வைத்திருக்கும் ஒட்டுப் பசை வருடம் போகப்போக இளகும். ஒருமுறை கழற்றிப் பூட்டிய போனில் பழைய பாதுகாப்பு இருக்காது.

வாங்குவதற்கு முன் சர்வீஸ் சென்டரில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்த மாடலில் சார்ஜிங் போர்ட் தனி சப் போர்டில் இருக்கிறதா, மெயின் போர்டிலேயே சால்டர் செய்திருக்கிறதா? தனியாக இருந்தால் சிறிய போர்டை மட்டும் மாற்றிவிடலாம். மெயின் போர்டில் என்றால் சின்னப் பழுதும் பெரிய வேலை. போர்ட் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் கேபிள் கடைசி வரை உள்ளே போகிறதா என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றால் அநேகமாக பாக்கெட் பஞ்சு அடைத்திருக்கும். போனை அணைத்து, மரப் பல்குச்சியால் ஓரமாக மெதுவாக நோண்டி எடுங்கள். ஊசி வேண்டாம், டைப்-சி போர்ட்டின் நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கில்தான் 24 தொடுமுனைகளும் இருக்கின்றன.

புது போன் கைக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். இருட்டறையில் வெளிச்சத்தை மிகக் குறைத்து, திரை முழுக்கச் சாம்பல் நிறப் படம் வைத்துப் பாருங்கள். ஓரங்களில் பச்சையோ இளஞ்சிவப்போ படர்ந்தால் மாற்றிக் கேளுங்கள். பிறகு அரைமணி நேரம் வீடியோ எடுங்கள், சூட்டோடு சூடாக ஒரு போன் பேசுங்கள், ஸ்பீக்கரிலும் பேசுங்கள். கேபிளை இருபுறமும் திருப்பிப் போட்டு இரண்டு பக்கமும் சார்ஜ் ஏறுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.