ஃபோர்ஸா ஹொரைசன் 5: கொட்டகைக் கார்களைத் தேடி

காவேரிப்பட்டினத்திற்கு அருகே என் தாய்மாமனின் மாந்தோப்பில், பழக்கூடைகளும் மருந்தடிக்கும் டிரம்களும் அடுக்கியிருக்கும் ஓட்டுக் கொட்டகையின் மூலையில், ஒரு பிரீமியர் பத்மினி பல ஆண்டுகள் ஓடாமல் நின்றது. ஃபோர்ஸா ஹொரைசன் 5 என்ற கார் பந்தய வீடியோ விளையாட்டில் முதன்முதலாக ஒரு கொட்டகைக் கதவு திறந்து, தூசி மூடிய கார் திரையில் தெரிந்தபோது, அந்த மாந்தோப்பு வாசனைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. இதன் பந்தயங்களைப் பற்றிப் பலர் விரிவாக எழுதிவிட்டதால், கொட்டகைகளில் கைவிடப்பட்ட பழைய கார்களைத் தேடிக் கண்டெடுக்கும், பார்ன் ஃபைண்ட் எனப்படும் இந்தப் பகுதியை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இங்கிலாந்தைச் சேர்ந்த பிளேகிரவுண்ட் கேம்ஸ் நிறுவனம் 2012இல் அமெரிக்காவின் கொலராடோவைக் களமாகக் கொண்டு இந்த வரிசையைத் தொடங்கியது. கைவிடப்பட்ட கார்களைத் தேடும் வழக்கம் அந்த முதல் ஆட்டத்திலேயே இருந்தது. 2021 நவம்பரில் வந்த ஐந்தாவது ஆட்டம் மெக்சிகோவில் நடக்கிறது. நாம் ஆட்டத்தில் முன்னேறும்போது எங்கோ ஒரு பழைய கார் கிடப்பதாகச் செய்தி வரும். உடனே வரைபடத்தில் ஊதா நிற வட்டம் ஒன்று தோன்றும். அந்த வட்டத்துக்குள் கொட்டகை இருக்கிறது என்பது மட்டுமே உறுதி. மற்றதை நம் கண்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தத் தேடலுக்காகவே விளையாட்டை வாங்கலாம் என்பது என் கருத்து. மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கப் பழகிய கை, வட்டத்துக்குள் நுழைந்ததும் தானாக வேகத்தைக் குறைக்கிறது. அதுவரை பக்கவாட்டில் மங்கலாக ஓடிக்கொண்டிருந்த மரங்கள், வேலிகள், மண் தடங்கள், மேட்டுக்குப் பின்னால் தெரியும் கூரை விளிம்புகள் எல்லாம் அப்போதுதான் தனித்தனிப் பொருள்களாகக் கண்ணில் படுகின்றன. ட்ரோனைப் பறக்கவிட்டு மேலிருந்து தேடும் வசதியும் உண்டு. ஆனால் தரையில் அலைந்து தேடுவதையே நான் விரும்புகிறேன். ஒரு மாலை, மலைச்சரிவு ஒன்றில் அரை மணி நேரம் சுற்றியும் எதுவும் கிடைக்காமல் நான் ஓய்ந்தபோது, அருகில் அமர்ந்திருந்த என் அக்கா மகன், "மாமா, அந்த மரத்துக்குப் பின்னாடி பாருங்க, கூரை தெரியுது" என்று திரையைத் தொட்டே காட்டினான். பந்தயத்தில் முதலாவதாக வந்தபோதுகூட எங்கள் வீட்டில் அப்படியொரு ஆரவாரம் எழுந்ததில்லை.

கிடைக்கும் கார்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது 1963ஆம் ஆண்டு வோக்ஸ்வேகன் பீட்டில். மெக்சிகோ மக்கள் இதை 'வோச்சோ' என்று செல்லமாக அழைக்கிறார்கள். உலகின் கடைசி பழைய வகை பீட்டில் 2003 ஜூலையில் அந்நாட்டின் புவேப்லா ஆலையில்தான் உருவானது என்பதால், அந்த மண்ணிலேயே அதைக் கண்டெடுப்பது பொருத்தமாக இருக்கிறது. நம் ஊர்களில் அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் உள்ள இடம் அங்கே அதற்கு உண்டு.

என் குறை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கண்டெடுத்த கார் பட்டறைக்குப் போகிறது. சிறிது நேரம் காத்திருந்தால், அல்லது ஆட்டப் பணத்தைக் கொடுத்து அந்தக் காத்திருப்பைக் குறைத்துக்கொண்டால், பளபளப்பாகத் திரும்பி வந்துவிடுகிறது. நடுவில் நடந்த எதையும் நாம் பார்ப்பதில்லை. மாமாவின் பத்மினியைக் கிருஷ்ணகிரியில் ஒரு பட்டறைக்கு லாரியில் ஏற்றிச் சென்ற பிறகு, பெட்ரோல் டேங்கின் துருவைச் சுரண்டி, கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, இறுகிப்போன பிரேக் ரப்பர்களை மாற்றி, டிங்கரிங் முடித்துப் பட்டி பார்த்து, கடைசியாகப் பெயிண்ட் அடிக்க நான்கு மாதங்கள் ஆயின. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் கியர் கம்பி உள்ள அந்த 1089 சிசி வண்டி முதன்முறை உறுமிய நாளில் மாமா பேச்சிழந்து நின்றார். அவ்வளவு உழைப்பையும் ஒரு விளையாட்டு கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாகங்கள் பிரிந்து கிடக்கும் ஒரு காட்சி, நாமே தேர்ந்தெடுக்கும் ஒரு வண்ணம், முதல் முறை சாவி திருகும் ஒரு கணம் இருந்திருந்தால், மீட்ட கார் இன்னும் நம்முடையதாகியிருக்கும்.

பழுது பார்க்காமல் அப்படியே வைத்துக்கொள்ளும் வழியும் இல்லை என்பது எனக்கு இன்னும் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. 2014இல் மேற்கு பிரான்சில் ஒரு பண்ணையின் கொட்டகைகளில் பல பத்தாண்டுகளாகக் கிடந்த சுமார் 60 கார்கள் வெளிப்பட்டன. அடுத்த ஆண்டு பாரிஸ் ஏலத்தில் அவை அதே தூசியோடு வந்தன. அவற்றுள் நடிகர் அலேன் டெலோன் வைத்திருந்த ஃபெராரி கலிபோர்னியா ஸ்பைடர் 1.6 கோடி யூரோவுக்கும் மேல் விலை போனது. தூசிக்கே மதிப்பு உண்டு என்பதை அறிந்தவர்கள்தாம் இந்தக் கொட்டகைக் காட்சிகளை இவ்வளவு நுணுக்கமாக வரைந்திருக்க முடியும். அதே அக்கறையை அடுத்த கட்டத்திலும் காட்டியிருக்கலாம்.

மீட்ட காரைச் சுற்றிவந்து, கதவையும் பானட்டையும் திறந்து, இன்ஜினை இயக்கிக் கேட்கும் வசதி மிக நன்று. பீட்டிலின் இன்ஜினைப் பின்பக்கம் தேடிக் கண்டதும் மாமா மகிழ்ந்துபோனார். தேவையில்லாத காரை முகம் தெரியாத வேறொரு ஆட்டக்காரருக்குப் பரிசாக அனுப்பவும் முடியும்.

பதிவிறக்கம் 100 ஜிபிக்கும் மேல் இருப்பதால், இரவே தொடங்கிவிடுவது நல்லது. இதற்கு முந்தைய ஹொரைசன் 4, 2024 டிசம்பரில் இணைய விற்பனையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. எனவே ஐந்தாவதை வாங்க நினைப்பவர்கள் நெடுநாள் தள்ளிப்போட வேண்டாம். கொட்டகைகளின் இருப்பிடத்தைக் காட்டும் காணொளிகளை முன்கூட்டியே பார்த்துவிடவும் வேண்டாம்.