‘பேக் ஒன் ட்ராக்’: தம்பி போய் வந்த வகுப்பு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் குடித்துவிட்டோ கஞ்சா பாவித்துவிட்டோ வாகனம் ஓட்டிக் குற்றவாளி என்று தீர்ப்பானால், ‘பேக் ஒன் ட்ராக்’ வகுப்பை முடிக்காமல் லைசென்ஸ் திரும்பக் கிடைக்காது. தண்டப்பணம் கட்டியாயிற்று, தடைக்காலமும் முடிந்துவிட்டது என்று சும்மா இருந்தால் தடை அப்படியே தொடரும். எங்கள் ஆட்கள் வெட்கத்தில் இதை வெளியே கதைப்பதில்லை. யாரிடம் விசாரிப்பது என்று தெரியாமல் நாங்களும் கொஞ்சக்காலம் அலைந்தோம். தம்பி இப்போது வகுப்பு, நேர்காணல் எல்லாவற்றையும் முடித்துவிட்டான். அவனிடம் கேட்டு, அவன் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

ஸ்காபரோவில் ஒரு டிசம்பர் இரவு, குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பிடிக்க வீதியில் பொலிஸ் நடத்தும் ‘ரைட்’ (RIDE) சோதனையில் அவனை மறித்தார்கள். 1977இல் எற்றோபிக்கோவில் தொடங்கி மாகாணம் முழுக்கப் பரவிய சோதனை அது. ‘நேராகத்தானே அக்கா ஓட்டி வந்தனான், ஏன் ஊதச் சொன்னவை?’ என்று பலமுறை கேட்டான். 2018 டிசம்பரில் சட்டம் மாறியபின், முறைப்படி மறித்த எந்த ஓட்டுநரையும் சந்தேகம் இல்லாமலே மது அளக்கும் கருவியில் பொலிஸ் ஊதச் சொல்லலாம். அந்த இடத்திலேயே லைசென்ஸ் 90 நாளுக்குப் போனது, கார் 7 நாளுக்குப் போனது. பிறகு கோர்ட். முதல் தடவை என்றாலும் குறைந்தது 1,000 டொலர் தண்டம், ஒரு வருடத் தடை.

சரி, வகுப்புக்கு வருகிறேன். இதில் மூன்று கட்டம். முதலில் ஒரு மதிப்பீடு. அதைப் பார்த்து 8 மணி நேரக் கல்வி வகுப்பா, 16 மணி நேரச் சிகிச்சை வகுப்பா என்று முடிவு செய்கிறார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு தொடர் நேர்காணல். பதிந்ததிலிருந்து முடிய ஏறக்குறைய 11 மாதம் எடுக்கும். ரொறன்ரோவிலுள்ள கேம்எச் மனநல மருத்துவமனை இதை நிர்வகிக்க, மாகாணம் முழுக்க இருக்கும் நிலையங்கள் நடத்துகின்றன. கட்டணம் முழுக்க எங்கள் கையிலிருந்துதான்.

தம்பிக்குக் கிடைத்தது 16 மணி நேரம். வீட்டுக்கு வந்ததும், ‘அப்ப நான் குடிகாரனோ?’ என்று கோபப்பட்டான். மதிப்பீட்டில் எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருக்கா, வீட்டில் யாருக்காவது பழக்கம் இருந்ததா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். எங்கள் அப்பாவைப் பற்றி அவன் வாய்திறந்து சொன்னது அன்றுதான் முதல் தடவையாக இருக்கும். அந்தக் கேள்விகளைக் கேட்ட பெண்மணி அவனைக் குற்றவாளியைப் போல நடத்தவில்லை என்பதை அவனே பிறகு சொன்னான். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

வகுப்பில் குடியை விடு என்று யாரும் சொல்வதில்லை. குடிப்பதையும் ஓட்டுவதையும் எப்படிப் பிரித்து வைப்பது என்பதுதான் பாடம். அங்கே சொல்லிக்கொடுத்த அளவுக் கணக்குத்தான் எங்கள் வீட்டை உலுக்கியது. கனடாவில் ‘ஒரு டிரிங்க்’ என்றால் 5 வீதப் பியர் 341 மில்லி, அல்லது 40 வீத விஸ்கி 43 மில்லி. தம்பி அன்றிரவு குசினியில் ஒரு கிளாஸை எடுத்து, பிறந்தநாள் வீடுகளில் ஊற்றுகிற மாதிரியே தண்ணீரை ஊற்றினான். பிறகு அதை அளவுக் கரண்டியால் மொண்டு மொண்டு வேறு கோப்பைக்கு மாற்றினான். மூன்று மேசைக்கரண்டியோடு ஒரு டிரிங்க் முடிந்துவிட்டது; கிளாஸில் இன்னும் பாதிக்கு மேல் கிடந்தது. என் கணவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ‘ரெண்டுதான் எடுத்தனான்’ என்று ஆண்கள் சொல்வதை அதற்குப் பிறகு நான் நம்புவதில்லை, அவரும் சொல்வதில்லை.

அடுத்தது விடியற்காலைக் கணக்கு. 100 மில்லி இரத்தத்தில் மதுவின் அளவு மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம்தான் இறங்கும். இரவு ஒரு மணிக்கு 160இல் படுத்தவன் காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் இன்னும் 70 இருக்கும். அது குற்றவழக்காகும் 80க்குக் கீழே என்றாலும் ஒன்ராறியோவில் 50க்கு மேல் இருந்தாலே சில நாளுக்கு லைசென்ஸ் போகும். மறுபடி மறுபடி பிடிபட்டால் கோர்ட் இல்லாமலே வகுப்புக்கும் போக வேண்டும். கோப்பி குடித்தாலோ, பச்சைத் தண்ணீரில் குளித்தாலோ, வயிறு நிறைய ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் சாப்பிட்டாலோ, ஏறினது வேகமாக இறங்காது. நேரம்தான் இறக்கும். எங்கள் வீட்டு ஆண்களுக்கு இதை வேறு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

குறைகளும் உண்டு. எங்களுக்குக் கிடைத்த நிலையத்தில் போனை எடுக்க ஆள் கிடைப்பதே பெரும்பாடு. குறுந்தகவல் விட்டுவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தோம். தம்பியின் வகுப்பு ஆங்கிலத்தில் வேகமாகப் போனது. அவன் இங்கே படித்தவன், சமாளித்தான். ஊரில் இருந்து நாற்பது வயதில் வந்து, வேலைத்தலத்து ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒரு அண்ணையும் அதே வகுப்பில் இருந்தாராம். குழுவாகக் கதைக்கும் நேரத்தில் அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தாராம். அப்படிப்பட்டவர்கள் பதியும்போதே மொழி உதவி பற்றிக் கேட்டுவிட வேண்டும். எனக்குப் பெரிய வருத்தம், குடும்பத்துக்கு அங்கே இடமே இல்லை என்பது. ஒரு வருடமாக அவனை மார்க்கம் நகரத்து வேர்ஹவுஸ் வேலைக்கு ஏற்றி இறக்கியது நான். கொண்டாட்டத்தில் போத்தலை நீட்டுவதும் உறவுகள்தான். ஒரு மணி நேரமாவது எங்களையும் கூப்பிட்டு இருத்திக் கதைத்திருக்கலாம்.

ஆறு மாதத்துக்குப் பிந்திய நேர்காணலைச் சும்மா சடங்கு என்று நினைத்திருந்தேன். அது அப்படி இல்லை. போன கொண்டாட்டத்தில் என்ன செய்தாய், எப்படி வீட்டுக்கு வந்தாய் என்று நடந்ததைக் கேட்கிறார்கள். யாரோ ஆறு மாதம் கழித்துக் கேட்பார்கள் என்பது அவன் மனதில் இருந்துகொண்டே இருந்தது. மச்சாள் வீட்டுக் கலியாணத்துக்குப் போகும்போதே, ‘அக்கா, வரும்போது நீங்கள்தான் ஓட்ட வேணும்’ என்று தானாகவே சொன்னான்.

இந்த நிலைமையில் இருக்கிறவர்கள் தடை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், இன்றைக்கே பதியுங்கள். யாருக்கும் காயம் ஏற்படாத முதல் குற்றம் என்றால், 90 நாளுக்குள் குற்றத்தை ஏற்று மதிப்பீட்டையும் முடித்தவர்களுக்கு, மூன்று மாதத் தடைக்குப் பிறகே, மூச்சில் மது இருந்தால் காரை ஸ்டார்ட் ஆகவிடாத இன்டர்லொக் கருவியோடு ஓட்ட ஒரு வழி இருக்கிறது. தகுதி உண்டா என்று சட்டத்தரணியிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். எங்களுக்கு அது தெரிந்தபோது அந்த 90 நாள் போய்விட்டது. தம்பியின் காரில் இப்போதும் இன்டர்லொக் இருக்கிறது. ஊதினால்தான் ஸ்டார்ட் ஆகும், ஓடும்போதும் இடையிடையே ஊதச் சொல்லும். அதன் மாதக் கட்டணம் தனி. அதைக் கழற்றிய பிறகு அந்தக் கதையையும் எழுதுகிறேன்.