கீபோட் கொன்ட்ரோலரா, டப்லெட்டா, போனா: வன்னி சைற்றுக்கு எது?

ஆர்.டி.கே. ரிசீவர் (சற்றலைற் சிக்னலை வைத்து இடத்தைச் சென்ரிமீற்றர் அளவுக்குத் துல்லியமாக அளக்கும் கருவி) வாங்கப் போகிறவர்கள் ரிசீவரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். எத்தனை சற்றலைற் பிடிக்கும், சரிவாகப் பிடித்தாலும் அளக்குமா என்று கேள்வி மேல் கேள்வி. கையில் வைத்திருக்கும் டேட்டா கலெக்டரை, அதாவது ரிசீவரை இயக்கி அளவுகளைப் பதியும் கொன்ட்ரோலரை மட்டும் "அது கூட வரும்தானே" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் வெயிலில் நிற்கிறவன் காலை முதல் மாலை வரை பார்த்துக்கொண்டிருப்பது அந்தத் திரையைத்தான்.

மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் வாய்க்கால் திருத்தமும் கிரவல் வீதியும்தான் எங்கள் வேலை. அதற்காக அண்மையில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டி வந்தது. கடைசியில் வாங்கியது எண்ணும் எழுத்தும் உள்ள கீபோட் வைத்த, ஐந்து அங்குலத் திரை ஆண்ட்ராய்ட் கொன்ட்ரோலர். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போட்டியில் இருந்தவை மூன்று. ஒன்று, இந்தக் கையடக்க கொன்ட்ரோலர். இரண்டாவது, ட்ரிம்பிள் டி.எஸ்.சி.7, டொப்கொன் எஃப்.சி.6000 போன்ற ஏழு அங்குல விண்டோஸ் டப்லெட் வகை. மூன்றாவது, கெட்டியான உறை போட்ட ஆண்ட்ராய்ட் போனும் ஓர் அப்பும். தூசி, மழை, விழுவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முதல் இரண்டு வகையிலும் நல்ல மாதிரிகள் குறைந்தது ஐபி67 தரத்தில் வருகின்றன. தூசி உள்ளே போகாது, ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். வாய்க்கால் வேலைக்கு அது போதும்.

திரையில் டப்லெட் வெல்கிறது, அதை மறுக்க முடியாது. குறுக்கு வெட்டுமுகத்தை விரித்துப் பார்க்கவும், வரைபடத்தைப் பின்னணியில் போட்டுக்கொண்டு தரையில் பெக் (அடையாளக் குச்சி) அடிக்கவும் ஏழு அங்குலம் சுகம். விண்டோஸ் என்பதால் அலுவலகக் கணினியில் உள்ள சில மென்பொருட்களை அதிலேயே ஓட்டலாம். ஆனால் எங்களுடைய வேலையில் பெரும்பகுதி செயினேஜ் எண்ணும் (தொடக்கத்திலிருந்து வீதி வழியே உள்ள தூரம்; 1+250 என்றால் 1 கிலோமீற்றர் 250 மீற்றர்) மட்டமும் அடிப்பதுதான். வியர்வைத் துளி திரையில் விழுந்தால் தொடுதிரை அதையும் விரலென்று எண்ணி எங்கேயோ அழுத்திவிடும். 1+250 என்று அடிக்கப் போய் 1+2550 வந்தால் கண்டுபிடிப்பது சுலபம், 1+220 வந்தால் கஷ்டம். பொத்தானை அழுத்தினால் அழுத்தியது விரலுக்குத் தெரியும். டி.எஸ்.சி.7இல் திரையோடு கீபோட்டும் உண்டு, ஆகவே இந்தக் குறை வெறும் தொடுதிரை டப்லெட்டுகளுக்குத்தான். இன்னொன்று, போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடி போடுபவர்கள் எந்தத் திரையையும் ஒருமுறை நிமிர்த்தியும் கிடையாகவும் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சில திரைகள் ஒரு பக்கத்தில் முழுக்க இருண்டுவிடும்.

இவையெல்லாம் சேர்ந்தும் என்னை முடிவெடுக்க வைக்கவில்லை. முடிவெடுக்க வைத்தது பற்றறி. எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதல்ல என் கேள்வி, அதைக் கழற்ற முடியுமா என்பதுதான்.

சைற்றில் மின்சாரம் இல்லை. பற்றறி உள்ளே அடைபட்ட கருவி என்றால் பிக்கப்பில் கேபிள் செருகித்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும். அதற்கு ஒவ்வொரு முறையும் சார்ஜ் துளையின் ரப்பர் மூடியைத் திறக்க வேண்டும். ஐபி67 என்று பெட்டியில் எழுதியிருப்பது அந்த மூடி இறுக்கமாக மூடியிருக்கும்வரைதான். கிரவல் வீதியில் ஒரு டிப்பர் போனால் எழும்புகிற தூசி மாவு மாதிரி. அது மெல்ல மெல்லத் துளைக்குள் போய் அடியில் இறுகிவிடும். அப்புறம் கேபிள் முழுதாக உள்ளே போகாது, ஆட்டிப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். எங்களிடம் முன்பு இருந்த கருவி ஒன்று இப்படித்தான் போனது. "அண்ணை, கேபிளைப் பிடிச்சுக்கொண்டே இருந்தால்தான் ஏறுது" என்று உதவிக்கு வந்த தம்பி சொன்னான். உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையோ திரையோ எதுவும் பழுதில்லை, போனது துளை மட்டும். ஆனாலும் திருத்தக் கொழும்புக்கு அனுப்பத்தான் வேண்டியிருந்தது.

கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். கருவி அங்கே இருக்கும் காலம் முழுக்க இங்கே பெக்கோவுக்கு (மண் வெட்டும் இயந்திரம்) வாடகை ஓடும், ஆட்கள் சும்மா இருப்பார்கள். திருத்தக் கூலியை விட அதுதான் பெரிய செலவு.

கழற்றக்கூடிய பற்றறி என்றால் கதை வேறு. பற்றறியை வெளியே எடுத்துத் தனிச் சார்ஜரில் போடலாம். கருவியின் சார்ஜ் துளையைத் திறக்கிற தேவையே அநேகமாக வராது. மூடி தேயாது, தூசி போகாது. பற்றறியைத் தங்குமிடத்தில் இரவு ஏற்றி, காலையில் இரண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால் போதும். பழையது தளர்ந்தாலும் பற்றறி மட்டும் பஸ்ஸில் வரும், கருவி வேலையை விட்டு எங்கும் போகாது.

வெப்பமும் இதில் சேர்கிறது. லித்தியம் பற்றறிகள் பெரும்பாலும் 45 பாகை செல்சியஸுக்கு மேல் சார்ஜ் ஏற்ற மறுக்கும். மதியம் கண்ணாடி மூடிய பிக்கப்பின் உள்ளே அதை விடச் சூடாக இருக்கும். கேபிள் செருகியிருந்தும் விழுக்காடு அப்படியே நிற்பதற்குக் காரணம் பல நேரம் இதுதான். பற்றறியைத் தனியாக எடுக்க முடிந்தால் பிக்கப்பிலிருந்து வயர் இழுத்து நிழலில் பாலை மரத்தின் கீழ் வைத்து ஏற்றலாம், கருவி வெயிலில் வேலை செய்துகொண்டே இருக்கும்.

இந்த விஷயத்தில் டி.எஸ்.சி.7 குறைந்ததல்ல. அதில் இரண்டு பற்றறிகள், ஒன்றைக் கழற்றும்போதும் கருவி அணையாது. விலையும் எடையும்தான் எங்களைத் தடுத்தன. அதேபோல ஆண்ட்ராய்ட் கொன்ட்ரோலர்கள் எல்லாமே கழற்றக்கூடியவை என்று நினைத்துவிடாதீர்கள். பல மாதிரிகளில் பற்றறி உள்ளேயே பூட்டியிருக்கும். படத்தில் தெரியாது, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

போனைப் பற்றி: அளவைக்கான அப்புகளில் குறையில்லை, எம்லிட் போன்ற ரிசீவர் கம்பனிகள் ரிசீவரையே போனை நம்பித்தான் செய்திருக்கின்றன. விலை குறைவு, உடைந்தால் கிளிநொச்சிக் கடையிலேயே திருத்தலாம். அது பெரிய பலம், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் சாதாரண போன் சூடானவுடன் திரை வெளிச்சத்தைத் தானாகக் குறைக்கிறது. வெயில் உச்சியில் நிற்கும்போதுதான் வெளிச்சம் அதிகம் தேவை, அந்த நேரத்தில்தான் குறையும். காலையில் இரண்டு மணி நேரம் வளவு அளந்துவிட்டு வருபவருக்குப் போன் தாராளமாகப் போதும்.

செகண்ட் ஹான்டில் டி.எஸ்.சி.3 போன்ற பழைய பெயர்பெற்ற கருவிகள் மலிவாகக் கிடைக்கும், பார்க்க ஆசையாகவும் இருக்கும். அவை ஓடுவது விண்டோஸ் எம்பெடட் ஹான்ட்ஹெல்டில். அதன் ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்துவிட்டது. புதிய கணினியோடு இணைத்துக் கோப்பு மாற்றுவதற்கே மல்லுக்கட்ட வேண்டும்.

ரொபோட்டிக் டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கும், தானாகத் திரும்பும் கருவி) வைத்திருப்பவர்கள் நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே கருவி ஓரிடத்தில் நிற்க, நீங்கள் அது குறிபார்க்கும் பிரிசத்தை (ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி) எடுத்துக்கொண்டு தூரமாக நடக்கிறீர்கள். சாதாரண புளூடூத் அவ்வளவு தூரம் எட்டாது, நீண்ட தூர ரேடியோ வேண்டும். லைக்கா, ட்ரிம்பிள் இரண்டும் தங்கள் கொன்ட்ரோலர்களுக்கு அதைத் தருகிறார்கள். எங்களுடைய டோட்டல் ஸ்டேஷன் கையால் திருப்புவது, கொன்ட்ரோலர் அதன் பக்கத்திலேயே இருக்கும்.

எங்கள் கருவி இன்னும் ஒரு மாரியை முழுதாகக் காணவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மார்கழி மழையில் பற்றறி மூடியின் ரப்பர் வளையம் எப்படி நிற்கும் என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. தூசிக்கும் வெயிலுக்கும் மட்டும்தான் நான் பேச முடியும்.

வாங்கும் நாளில் இரண்டு வேலை செய்யுங்கள். மென்பொருளில் இலங்கையின் ஆள்கூற்றுக் கட்டங்கள் (வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் எண் முறைகள்) இரண்டும் உள்ளனவா என்று பாருங்கள்: தொடக்க மதிப்பு 200000 கொண்ட பழைய கந்தவல (Kandawala), 500000 கொண்ட எஸ்.எல்.டி.99. நீர்ப்பாசன வேலைகளில் பழைய வரைபடங்கள் இன்னும் கைக்கு வருகின்றன. அப்புறம், மேலதிகப் பற்றறி ஒன்றையும் தனிச் சார்ஜரையும் அதே பில்லில் போடச் சொல்லுங்கள். பேரம் பேசுகிற நேரத்தில் அவை மலிவாக வரலாம்.