சென்னை வெக்கையில் பிலிம் ரோல்: நிக்கான் எஃப்எம்2-வுடன் சில வருடங்கள்

பிலிம் கேமரா வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எடுத்த ரோலை வீட்டில் நீங்களே ரசாயனத்தில் கழுவிப் படத்தை வரவழைப்பீர்களா? கழுவுவேன் என்றால் தயங்காமல் வாங்குங்கள். கடையில் கொடுத்துக் கழுவி, ஸ்கேன் செய்ததை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்ப்பதுதான் திட்டம் என்றால் ஒரு வருடத்துக்குள் கேமரா பீரோவுக்குள் போய்விடும். கலர், கருப்பு வெள்ளை இரண்டையும் சென்னையில் சில வருடங்கள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். இந்தப் பொழுதுபோக்கின் சுவையில் பாதிக்கு மேல் கழுவும் வேலையில்தான் இருக்கிறது.

முதலில் கேமரா. என்னிடம் இருப்பது பழைய நிக்கான் எஃப்எம்2, கூடவே ஒரு 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ். 1982இல் வந்த மாடல். ஷட்டர் முழுக்க இயந்திர விசையில் ஓடும். உள்ளே போடும் இரண்டு பொத்தான் பேட்டரிகள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். பேட்டரி செத்தாலும் ஒரு நொடியிலிருந்து 1/4000 நொடி வரை எல்லா ஷட்டர் வேகமும் வேலை செய்யும். அந்த 1/4000 நம் ஊருக்கு எவ்வளவு அவசியம் என்பது ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) 400 உள்ள பிலிம் போட்டு வெயிலில் நடந்தால் புரியும். உச்சி வெயிலில் 1/500 வைத்தால் லென்ஸின் திறப்பை, அதாவது அபர்ச்சரை, எஃப்/16 என்ற சின்ன அளவுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். 1/4000 இருப்பதால் எஃப்/5.6 வரை திறக்க முடிகிறது, முகத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்ட முடிகிறது. பலரும் முதல் கேமராவாகச் சொல்லும் பென்டாக்ஸ் கே1000 நல்ல உழைப்பாளிதான். ஆனால் அது 1/1000இல் நின்றுவிடும்.

ரோல் போட்டதும் நான் தவறாமல் பார்ப்பது இடது பக்கம் இருக்கும் ரீவைண்ட் குமிழை. பிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளும்போது அதுவும் கூடவே சுற்றினால்தான் பிலிம் உள்ளே நகர்கிறது என்று அர்த்தம். சுற்றவில்லை என்றால் மூடியைத் திறந்து முனையை மறுபடி செருக வேண்டியதுதான்.

ஒரு ரோலில் 36 படம்தான் இருக்கிறது, அதனால் ஒவ்வொன்றையும் யோசித்து எடுப்போம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது ஆரம்பத்தில் மட்டும்தான் உண்மை. பழகிவிட்டால் ரோலும் சரசரவென்று தீர்கிறது. எனக்கு நிலைத்து நின்ற பாடம் வெளிச்சத்தை வாசிப்பது. எஃப்எம்2 வியூஃபைண்டரில் கூட்டல், வட்டம், கழித்தல் என்று மூன்று சிவப்பு விளக்குகள் எரியும். வட்டம் எரிந்தால் சரி என்று மீட்டர் சொல்லும். ஆனால் மீட்டருக்கு உலகமே நடுத்தரச் சாம்பல். வெள்ளை வேட்டி கட்டியவர் படச் சட்டத்தை (ஃபிரேமை) நிறைத்தால் வேட்டியை அழுக்காக்கிவிடும். அங்கே ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்டிக் கொடுக்க வேண்டும். கோயில் பிரகாரத்தில் எண்ணெய் படிந்த கருங்கல் தூணை எடுத்தால் தூணை வெளிறச் செய்யும். அங்கே ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். நெகட்டிவில் நிழல் பகுதிக்கு வெளிச்சம் போதவில்லை என்றால் அங்கே ஒன்றுமே பதியாது, பிறகு எதைச் செய்தும் மீட்க முடியாது. கொஞ்சம் கூடினால் பாதகமில்லை. இந்தக் கணக்கு கைக்கு வந்தபின் என் டிஜிட்டல் படங்களும் மாறின.

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்துக்கு அடிக்கடி போகிறேன். வெளிச்சம் போதாத இடம். இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் பிலிமை ஐஎஸ்ஓ 1600 என்று வைத்து எடுத்து, கழுவும்போது நேரத்தைக் கூட்டிவிடுவேன். மணல் மணலாக கிரெயின் வரும், அதுதான் அந்த இடத்துக்கு அழகு. ஒருமுறை வஞ்சிரத்தைத் தூக்கிப் பிடித்து நின்ற ஒரு அக்கா, “காட்டு தம்பி, பாப்போம்” என்று கேமராவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். “இதுல பாக்க முடியாதுக்கா, கழுவி எடுத்துட்டு வரேன்” என்றேன். அடுத்த முறை பிரிண்டோடு போனபோது அவர் கூப்பிட்டுக் காட்டிய ஆட்களெல்லாம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். இப்போது அங்கே யாரும் என் கேமராவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.

இனி கழுவும் வேலை. வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்து அப்படியே செய்ய நம் ஊர் தட்பவெப்பம் விடாது. வெளிச்சம் புகாத கருப்புப் பைக்குள் கையை விட்டு பிலிமை ரீலில் சுற்றச் சொல்வார்கள். சென்னையில் இரண்டே நிமிடத்தில் பைக்குள் கை வியர்த்து, ஈரம் பட்டு, பிளாஸ்டிக் ரீலில் பிலிம் பாதியில் சிக்கிக்கொள்ளும். இழுத்தால் மடிந்து பிறை வடிவில் தழும்பு விழும். அதனால் நான் பையை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். ராத்திரியில் ஏசி ஓடிய அறையில் எல்லா விளக்கையும் அணைத்து, கதவிடுக்கில் போர்வை திணித்து, இருட்டில் சுற்றுகிறேன். ரீல் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். இரண்டு ரோல் அடுத்தடுத்து கழுவுவதாக இருந்தால் இரண்டு ரீல் வைத்துக்கொள்ளுங்கள். ரீலை வெளிச்சம் புகாத டாங்க்குக்குள் வைத்து மூடிவிட்டால் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது தண்ணீரின் சூடு. படத்தை வரவழைக்கும் ரசாயனமான டி-76 டெவலப்பரைத் தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று கலந்தால், எச்பி5க்கு 20 டிகிரியில் 11 நிமிடம். மே மாதத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டித்தான் குழாயில் வருகிறது. ஐஸ் போட்டு 20க்கு இறக்கினாலும் கழுவி முடிப்பதற்குள் ஏறிவிடும். நான் 24 டிகிரியில் வைத்து நேரத்தை எட்டு நிமிடமாகக் குறைத்துக்கொள்கிறேன். அதற்கும் மேலே போய் ஐந்து நிமிடத்துக்குக் கீழே நேரம் குறைந்தால் வானம் திட்டுத் திட்டாக வரும். டெவலப்பர் மட்டுமல்ல, படத்தை நிலைக்கச் செய்யும் ஹைப்போவும் அலசும் தண்ணீரும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கட்டும். ஒரு பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பி எல்லா பாட்டிலையும் அதில் முன்கூட்டியே நிறுத்தி வைத்துவிட்டால் போதும்.

அலசுவதற்கு அரைமணி நேரம் குழாயைத் திறந்துவிட வேண்டாம். இல்ஃபோர்ட் சொல்லும் முறையில், டாங்க்கில் தண்ணீர் நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டு, மறுபடி நிரப்பிப் பத்து, மறுபடி இருபது, அவ்வளவுதான். லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருவில் குடியிருப்பவனுக்கு இது பெரிய விஷயம். கடைசி அலசல் மட்டும் கேன் தண்ணீரில். போர் தண்ணீரின் உப்பு காய்ந்து நெகட்டிவில் வெள்ளைப் புள்ளியாக உட்கார்ந்தால் துடைத்தாலும் போகாது. தீர்ந்த ஹைப்போவில் வெள்ளி இருக்கிறது, சாக்கடையில் ஊற்றாதீர்கள். எக்ஸ்ரே கூடங்களில் பழைய ஹைப்போவை எடுத்துப் போய் வெள்ளி பிரிப்பவர்கள் உண்டு. கேனில் சேர்த்து அவர்களிடம் கொடுத்துவிடலாம்.

ரீலைப் பிரித்து, சொட்டச் சொட்ட பிலிமை விளக்குக்கு நேரே பிடிக்கும் அந்தச் சில நொடிகளுக்காகத்தான் இத்தனையும். வானம் கருப்பாகவும் தலைமுடி கண்ணாடியாகவும் தெரியும். எந்தப் படம் தேறும் என்று இப்போது நெகட்டிவைப் பார்த்தே சொல்லிவிடுகிறேன்.

கலரில் இந்தச் சுகம் எனக்குக் கிடைக்கவில்லை. கலர் பிலிமைக் கழுவும் சி-41 முறைக்கு 38 டிகிரி; கால் டிகிரி இப்படி அப்படி நகரக் கூடாது என்பதால் கடையில்தான் கொடுத்தேன். ஒரு கடையில் ரோல் முழுக்க நீளவாக்கில் கீறல் போட்டுக் கொடுத்தார்கள். அதைவிட வருத்தம், நெகட்டிவைத் திருப்பித் தருவதற்கே யோசித்ததுதான். நான் வாங்கும் இடத்தில் கலர் ரோல் ஒன்று ஆயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. கழுவி ஸ்கேன் செய்ய அதற்கு மேல் தனி. கடைசியில் கையில் இருப்பது இன்னொருவர் தன் ஸ்கேனரில் முடிவு செய்த நிறம். கல்யாணம், குழந்தை என்றால் கலர் எடுங்கள். வாராவாரம் எடுக்கக் கருப்பு வெள்ளைதான் கட்டும்.

விலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஊட்டி நினைவுக்கு வருகிறது. 1960இல் தொடங்கிய அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் அங்கேதான் ‘இந்து’ பிலிமைத் தயாரித்தது. எக்ஸ்ரே பிலிமும் கருப்பு வெள்ளை ரோலும் நம் மலையிலிருந்தே நாடு முழுக்கப் போயின. ஆலையை மூடிவிட்டார்கள். இன்று நான் போடும் ஒவ்வொரு ரோலும் இங்கிலாந்தின் மாபர்லியிலிருந்தோ அமெரிக்காவின் ராச்செஸ்டரிலிருந்தோ கப்பலேறி வருகிறது. அந்த ஆலை சின்ன அளவிலாவது ஓடிக்கொண்டிருந்தால் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இந்தக் கலை எட்டும் விலையில் இருந்திருக்கும். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் ஒரு படத்தின் இடத்தில் இரண்டு படம் எடுக்கும் பாதிச் சட்ட (ஹாஃப் ஃபிரேம்) கேமரா ஒரு வழி. 36 படம் எடுக்கும் ஒரு ரோலில் 72 படம் விழும். 2024இல் பென்டாக்ஸ் புதிதாகவே அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது.

லென்ஸில் பூஞ்சை பிடிப்பதுதான் கடற்கரை ஊரின் நிரந்தரத் தொல்லை. ரப்பர் வளையம் போட்ட காற்றுப் புகா டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை ஜெல்லை வாணலியில் வறுத்துக் காயவைக்கிறேன். பிலிம் ஃபிரிட்ஜில், எடுத்தவுடன் டப்பியைத் திறந்தால் வியர்த்துவிடும், சில மணி நேரம் வெளியே விட்டுத் திறக்க வேண்டும். விமானத்தில் போனால் பிலிமைக் கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். விமான நிலையங்களின் புதிய சிடி (CT) எக்ஸ்ரே ஸ்கேனர்கள் எந்த பிலிமையும் மூட்டமாக்கிவிடும்.

பழைய கேமரா வாங்கப் போனால் பின் மூடியைத் திறந்து ஓரத்து ஸ்பாஞ்சைத் தொட்டுப் பாருங்கள். விரலில் பிசினாக ஒட்டினால் வெளிச்சம் கசியும். மாற்றுவது எளிது, விலையில் குறைத்துக் கேளுங்கள். லென்ஸ் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் வேண்டாம்.

இப்போது நெகட்டிவை டிஜிட்டல் கேமராவில் படமெடுத்துத்தான் பிரிண்ட் போடுகிறேன். அடுத்ததாகத் தேடுவது நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் பதிக்கும் ஒரு என்லார்ஜர். மூடிய ஸ்டூடியோக்களில் தூசி படிந்து கிடக்கின்றன; 50 எம்எம் லென்ஸும் 35 எம்எம் நெகட்டிவ் கேரியரும் சேர்த்துக் கொடுப்பவர் கிடைத்தால் அன்றே வண்டி எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.